மதாமின் மெத்தை

ஆறு வயதில் என் மகள் வைக்கோல் போரிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இடுப்பிலிருந்து இடது கணுக்கால் வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு, எட்டு வாரம் அசையக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வயதுப் பிள்ளையை எட்டு நிமிஷம் அசையாமல் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வார்த்தையின் அருமை தெரியும். பத்தே நாளில் திரும்பிப் படுக்கிறேன் என்று புரண்டு கட்டை உடைத்துவிட்டாள். மறுபடி கட்டுப் போட்ட டாக்டர், இன்னொரு தடவை உடைந்தால் எலும்பு கோணலாகச் சேரும், கால் குட்டையாகிவிடும் என்றார். பாகூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் அதைவிட ஒரு படி மேலே போனார்கள். கட்டுக்குள்ளே புண் வைத்து நாற ஆரம்பித்தால் டாக்டர் காலையே எடுத்துவிடுவார் என்றார்கள். யாருக்கு அப்படி எடுத்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் எல்லோருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

பத்தாய அறையில்தான் அவளைப் படுக்க வைத்திருந்தோம். இரண்டு பெஞ்சை ஒட்டிப் போட்டு, மேலே பலகை, பலகை மேல் மெத்தை. ஒரு பக்கம் அவள், மறுபக்கம் ஆளுயரத்துக்கு நெல் பத்தாயம். கூரையில் எத்தனை மூங்கில் என்று இரண்டு நாள் எண்ணினாள். மூன்றாம் நாள் எண்ண ஒன்றும் இல்லாமல் அழுதாள். அழுதால் உடம்பு குலுங்கும். குலுங்கினால் கட்டு என்னாகும் என்று நான் ஓடிப் போய் அவள் தோளைப் பிடித்துக்கொள்வேன்.

அந்தச் சனிக்கிழமைதான் என் வீட்டுக்காரர் சைக்கிளில் கூண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு அதே ஆஸ்பத்திரியில் லபொரத்துவாரில் வேலை, வாரம் ஒரு தடவைதான் ஊருக்கு வருவார். ரத்தம், சளி எல்லாம் சோதிக்கும் இடத்தை அவர் அப்படித்தான் சொல்வார். பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில மாதம் ஆகியிருந்தது. அங்கேயிருந்த வெள்ளைக்கார தொக்தர் கப்பலேறும்போது, சோதனைக்கு வைத்திருந்த எலிகளில் மிச்சமிருந்த ஒன்றை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். பால் போல வெள்ளை, கண் மட்டும் சிவப்பு, பெட்டை. வாலைப் பார்த்ததும் நான் முறத்தைத் தூக்கிக்கொண்டு அடிக்கப் போனேன். என் மகளோ அழுகையை நிறுத்தித் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள். பெட்டை என்றால் மிசியே இல்லை, மதாம் என்று அவர் சொன்னார். அன்றிலிருந்து அது மதாம்.

மதாம் வந்த பிறகு என் மகள் அசையவில்லை. கூண்டை அவள் கண்ணுக்கு நேராக ஒரு முக்காலியில் வைத்தேன். அது மீசையை வழித்துவிட்டுக்கொள்வதையும், வேர்க்கடலையை இரண்டு கையாலும் பிடித்துத் தின்பதையும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அந்த எலி இருக்கும்வரை கால் பத்திரம் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

புரியாதவர் என் மாமனார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆயுசு முழுக்க எலியோடு மல்லுக்கட்டியவர். பத்தாயத்தில் அடுத்த போகத்துக்கான விதைநெல் கிடந்தது. தினமும் பொழுது சாயும் நேரத்தில் பத்தாயத்தைச் சுற்றி நான்கு மூங்கில் கிட்டி வைப்பார். வில் போல வளைத்து வைத்திருக்கும் அந்தப் பொறி தெறித்தால் எலியின் கழுத்து முறிந்துவிடும். அப்படிப்பட்டவர் வீட்டுக்குள் எலிக்குச் சோறு போட்டு வளர்த்தால் அவருக்கு எப்படி இருக்கும்?

"வெள்ளக்காரன் ஊருக்குப் போயிட்டான். எலிய மட்டும் என் தலையில கட்டிட்டுப் போனானா?" என்று கூண்டைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு எனக்குச் சட்டம் சொன்னார். வீட்டில் எலி நாற்றம் அடிக்கக் கூடாது. கூண்டை விட்டு அது ஒரு அடி வெளியே வரக் கூடாது. இரண்டில் எது நடந்தாலும் அன்றைக்கே அது போய்விடும். மாவுக்கட்டு என்ற பேரும் அவருக்கு உறுத்தலாக இருந்தது. மாவு என்றால் எலி விடுமா, பிள்ளையின் காலைக் கடித்துவைக்குமே என்று கேட்டார். அது சுண்ணாம்பு மாவு என்று அவர் மகன் நாலு தடவை சொல்லியும் நம்பவில்லை.

என் வீட்டுக்காரருக்கு லபொரத்துவாரில் எலிக்கூண்டு கழுவுவதும் ஒரு வேலை. அதனால் எனக்குப் பாடம் எடுத்தார். கம்பிக்கு நடுவே சுண்டு விரல் நுழைந்தால் எலியும் நுழையும், தினம் விரலை விட்டுப் பார். ஈரம் வைக்காதே. முக்கியமாக, மெத்தை மாற்றும்போது மொத்தத்தையும் எடுக்காதே, பழைய வைக்கோலில் ஒரு பிடி விட்டு வை, அதன் வாசனை இல்லாவிட்டால் அது தன் வீடு எது என்று தெரியாமல் அலையும் என்றார். கடைசியாகச் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. முழுக்கக் கழுவச் சோம்பல்படுகிற ஆம்பிளை கண்டுபிடித்த சாக்கு என்று நினைத்தேன்.

காலையில் மாமனார் வயலுக்குப் போனதும் ஒரு தடவை, அவர் திரும்புவதற்கு முன் ஒரு தடவை கழுவுவேன். மதாமை வாலின் அடிப்பக்கம் பிடித்துத் தூக்கிப் பித்தளைத் தவலைக்குள் விடுவேன். வழுவழுப்பில் அதனால் ஏற முடியாது. மேலே முறத்தைக் கவிழ்த்து, முறத்தின் மேல் அம்மிக் குழவியை வைப்பேன். கூண்டின் அடித்தகட்டை உருவிச் சாம்பல் போட்டுத் தேய்த்து, லபொரத்துவாரிலிருந்து வந்த பினாயில் நாலு சொட்டு விட்டுக் கழுவி வெயிலில் வைப்பேன். நறுக்கின வைக்கோல் புதிதாகப் போடுவேன். மாமனார் வந்து கை கால் கழுவிக்கொண்டு அறைக்குள் எட்டிப் பார்த்து, "மதாம் குளிச்சாச்சா?" என்பார். நக்கல்தான். ஆனாலும் மூக்கு வேலை செய்துகொண்டிருக்கும். அவர் மூக்கைப் பார்த்துக்கொண்டே நான் நிற்பேன்.

இப்படி ஐந்து வாரம் போயிற்று. ஆறாவது வாரம் ஒரு நாள் அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நாற்றம் அடிக்கிறதே என்றார். எலி நாற்றம் என்றார்.

எனக்கும் இரண்டு நாளாக அடித்துக்கொண்டுதான் இருந்தது. தித்திப்பும் புளிப்புமாக ஒரு வாடை. கூண்டுக்கு அருகே போனால் அது குறைந்தது. பிள்ளையின் இடுப்புப் பக்கம் குனிந்தால் கூடியது. ஒரே ஒரு தடவைதான் குனிந்தேன். அப்புறம் அந்தப் பக்கம் மூக்கைக் கொண்டுபோகவில்லை. அரிக்கிறதா, வலிக்கிறதா என்று அவளைக் கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால்? நாறினால் கால் போச்சு என்ற பேச்சு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

எலிதான் மாமா, இன்றைக்கு நன்றாகக் கழுவிவிடுகிறேன் என்று சொன்னேன். இரண்டு நாள் பார்ப்பேன், அப்புறமும் நாறினால் வயலில் கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்றார் அவர்.

வாயில்லாப் பிராணியின் மேல் பழியைப் போட்டவள் அதைச் சரியாகவாவது செய்ய வேண்டாமா? கூண்டு முழுவதையும் கிணற்றடிக்குத் தூக்கிப் போனேன். பழைய வைக்கோல் ஒரு துரும்பு விடாமல் வாரி எரித்தேன். கொதிக்கக் கொதிக்க வெந்நீரை மரச்சட்டத்தின் மேல் ஊற்றினேன். பினாயிலைச் சொட்டுக் கணக்கு பார்க்காமல் கவிழ்த்தேன். அறைக்கும் தெளித்தேன். கண் எரிகிற அளவுக்குப் பினாயில் வாடை அடித்தது. வைக்கோலை நறுக்கிப் போடக்கூடப் பயமாக இருந்தது, அதுவும் நாறிவிடுமோ என்று. வெறும் தகட்டின் மேல் மதாமை விட்டுக் கொக்கியை மாட்டினேன். மதாம் நாலு மூலைக்கும் ஓடியது, மோந்தது, மறுபடி ஓடியது. அதுக்குப் படுக்க ஒண்ணும் இல்லியே அம்மா என்று மகள் சொன்னாள். நாளைக்குப் போடலாம் என்று வாயை அடைத்தேன்.

வெந்நீர் பட்டு மரச்சட்டம் உப்பியிருந்தது எனக்குத் தெரியவில்லை. கதவு முழுதும் பொருந்தாமல், கொக்கி நுனியில் தொத்திக்கொண்டுதான் நின்றிருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் கதவு லேசாகத் திறந்திருக்கிறது. கூண்டு காலி. நல்லவேளை, கிட்டி நாலும் தெறிக்காமல் இருந்தன.

மகள் ஏற்கெனவே விழித்திருந்தாள். கீழே பார்க்கத் தலையையும் தோளையும் பலகையின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப் போய் இரண்டு கையாலும் அவள் தோளை அமுக்கினேன்.

"அசையாத. நீ அசையாம இருந்தா நான் தேடிக் குடுக்கறேன். அசைஞ்சே, தேட மாட்டேன்."

அந்த வயதுப் பிள்ளையிடம் பேரம் பேசினேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். காதோரம் கண்ணீர் வழிந்தது, உடம்பு அசையவில்லை.

கூண்டின் மேல் ஒரு பழைய சேலைத் துணியைப் போட்டு மூடினேன். எலி தூங்குகிறது என்று மாமனாரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் வயலுக்குப் போய்விட்டார். அறுப்பு முடிந்திருந்தது. வரப்பில் வளை தோண்டி எலி பிடிக்க இருளர் குடும்பம் ஒன்று அன்றைக்குத்தான் வந்திருந்தது. அவர் அங்கே நிற்க வேண்டியிருந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

பகல் முழுக்கத் தேடினேன். பலகைக்கு அடியில், அடுப்பங்கரையில், விறகுக் குவியலில், மாட்டுக் கொட்டகையில், வைக்கோல் போரில் கையை விட்டுத் துழாவினேன். பூனையைக் கண்டால் கல்லால் அடித்தேன். ஒவ்வொரு தடவை உள்ளே வரும்போதும் மகள் கண்ணால் கேட்பாள், நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். மத்தியானத்துக்கு மேல் அவள் கேட்கவில்லை. அழுகையும் நின்றிருந்தது. களைத்துப் போய்விட்டாள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் ஆயிற்று. கிட்டி வைக்கிற நேரம். வைக்காதீர்கள் என்றால் ஏன் என்று கேட்பார். வைத்தால் மதாமின் கழுத்து போகும், பிள்ளை அலறுவாள், கட்டு உடையும். அடுப்பில் உலை கொதிப்பதைக்கூடப் பார்க்காமல் அவர் காலடிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தார். கை கால் கழுவினார். அறையை எட்டிப் பார்த்தார். மதாம் குளிச்சாச்சா என்று கேட்கவில்லை. சாப்பிட்டார், படுத்துவிட்டார். கிட்டி நாலும் சுவரில் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. வயலில் நின்ற அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அந்த நேரத்தில் புத்தி அவ்வளவுதான்.

மறுநாள் காலை, எலி பிடிக்கிற பெண் வாசலில் வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஒரு மண்பானை, வாயைத் துணியால் கட்டியிருந்தது. பானைக்குள்ளே கரகரவென்று பிராண்டும் சத்தம்.

"ஐயா நேத்து வரப்பாண்ட வந்து சொன்னாருக்கா. வெள்ளெலி கண்ணுல பட்டா அடிக்காத, உசுரோட புடிச்சி வூட்ல குடுன்னு. பதினோரு உருப்படி கீது" என்று பானையை இறக்கினாள்.

எங்கள் பக்கம் வெள்ளெலி என்றால் வயலில் வளை தோண்டி வாழ்கிற எலி. முதுகு மண் நிறம், வயிறு மட்டும்தான் வெளுப்பு. அதைத்தான் எல்லோருக்கும் தெரியும். உடம்பெல்லாம் வெள்ளையாக ஒரு எலி உண்டு என்பதே அவர்கள் காணாத சங்கதி. மாமனார் தன் கௌரவத்தில் இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவள் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறாள். ஒரு நாள் முழுக்க, அடித்துப் பிடிக்க வேண்டியதை அடிக்காமல், கையில் கடி வாங்கிக்கொண்டு பிடித்திருக்கிறாள்.

மாட்டுக் கொட்டகையிலிருந்து மாமனார் வந்தார். பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திருட்டு மாங்காயோடு பிடிபட்டவர் மாதிரி அவர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"அதில்லம்மே. வெள்ள எலி. வெள்ள" என்று வேட்டி முனையைத் தூக்கி நிறத்தைக் காட்டினார்.

அப்படியென்றால் நேற்றுக் காலையிலேயே இவருக்குத் தெரியும். சேலைத் துணி ஏமாற்றியது என்னை மட்டும்தான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டுக்கும் நேரமில்லை. அந்தப் பெண் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, வயலில் தேடுவானேன், வளர்த்த எலி வீட்டை விட்டு எங்கே போகும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். கூண்டை மோந்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். பிறகு தரையில் மண்டியிட்டுப் புழுக்கையைப் பார்த்துக்கொண்டே பத்தாயத்தைச் சுற்றிப் போனாள். பத்தாயத்தின் பின்காலுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. அதற்குள் கையை விட்டாள். தோள் வரை போயிற்று.

முதலில் வந்தது மதாம். அவள் உள்ளங்கையில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. மகள் பலகையிலிருந்து "மதாம்" என்று மெல்லக் கூப்பிட்டாள். அதை வாங்கித் தவலைக்குள் விட்டேன். அந்தப் பெண் மறுபடி கையை விட்டு, அது கட்டியிருந்த கூட்டை அப்படியே எடுத்தாள். வைக்கோல் இல்லை. விதைநெல் உமிகூட இல்லை. பஞ்சு. கைநிறையப் பஞ்சு, வெள்ளையாக இருக்க வேண்டியது மஞ்சளாகி, ஓரத்தில் பழுப்பு ஏறியிருந்தது.

அவள் மோந்து பார்த்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது எலி நாத்தம் இல்லக்கா."

மகள்தான் பேசினாள்.

"நான்தான் குடுத்தேன். நீ வைக்கப்போர்ல தேடிக்கினு இருந்தப்ப அது வந்துச்சு. அதுக்கு மெத்த இல்லியே, நீ எல்லாத்தையும் எரிச்சிட்ட. கட்டு உள்ளேருந்து பஞ்சப் பிச்சுப் பிச்சுக் குடுத்தேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "சொன்னா இதையும் நீ எரிச்சிடுவியோன்னு சொல்லல. ஆனா நான் அசையலம்மா. கைய மட்டும்தான் நீட்டினேன்."

நான் அவள் இடுப்புப் பக்கம் குனிந்தேன். ஓடி ஒளிந்துகொண்டிருந்த மூக்கை அந்தக் கட்டின் விளிம்பிலேயே வைத்தேன். இடுப்பெலும்புக்கு மேலே, பஞ்சைப் பிய்த்திருந்த இடத்தில், தோல் சிவந்து ஈரமாகத் தெரிந்தது. அந்த ஈரம் கீழே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியவில்லை.

மாமனார் வெளியே போனார். வண்டி மாட்டுகிற சத்தம் கேட்டது.

பலகையோடு அவளைத் தூக்கி வைக்கோல் பரப்பிய வண்டியில் வைத்தோம். தூக்க ஒரு கை கொடுத்தவளும் அந்தப் பெண்தான். பானையைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னார் மாமனார். ஒரு படி நெல்லும் அளந்து போட்டார். கூண்டு இல்லாமல் வர மாட்டேன் என்று மகள் சொன்னதும், அதைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். உள்ளே மதாமும், அந்த மஞ்சள் பஞ்சும். அந்தப் பெண் கூட்டைக் கலைக்காமல் அப்படியே வைத்துக் கொடுத்திருந்தாள். கொக்கியைச் சணல் போட்டு இறுக்கிக் கட்டினேன்.

தவளக்குப்பம் வரைக்கும் வண்டித்தடம் குண்டும் குழியும். ஒவ்வொரு குழிக்கும் அவர் இறங்கி மாட்டைப் பிடித்து நடத்தினார். கடலூர் ரோட்டில் ஏறியதும் கொஞ்சம் தேவலை. மகள் மதாமைப் பார்த்துக்கொண்டே வந்தாள். என் கண்ணில் கட்டு மட்டும்தான் பட்டது. பாலம் தாண்டும்போது, காலை எடுக்கிறேன் என்று டாக்டர் சொன்னால் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் வாக்கியம் கூட்டிப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். என் வீட்டுக்காரர் செய்தி கேட்டு லபொரத்துவாரிலிருந்து ஓடி வந்து அவளோடு உள்ளே போனார். நானும் மாமனாரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். கூண்டை அவர் தன் மடியில் வாங்கித் துண்டால் போர்த்திக்கொண்டார், யாராவது பார்த்துத் துரத்திவிடுவார்கள் என்று. உள்ளே கத்தரியால் கட்டை வெட்டுகிற சத்தம் கேட்டது. அவர் என்னைப் பார்க்காமல் துண்டைப் பார்த்தபடி பேசினார்.

"அது எலி நாத்தம் இல்லன்னு எனக்குத் தெரியும்மா. மொத நாளே தெரியும். எலின்னே சொல்லிக்கினு இருந்தேன்."

எனக்கும் தெரியும் மாமா என்றேன். தலையை ஆட்டினார். அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பெரிய மனுஷர்களாகச் சேர்ந்து, பிள்ளையின் கட்டுக்குள் வைத்த புண்ணை ஒரு எலியின் தலையில் கட்டி, அதைக் குளிப்பாட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

கதவு திறந்தது. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துத்தான் மூச்சு விட்டேன். கட்டு அழுத்தி இடுப்பில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண். ஆழம் இன்னும் எலும்பைத் தொடவில்லை. ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் வேறு கதை என்று டாக்டர் சொன்னாராம். எலும்பு நேராகச் சேர்ந்திருக்கிறது, பிள்ளை இவ்வளவு அசையாமல் கிடந்தது ஆச்சரியம் என்றும் சொன்னாராம். பின்னாலேயே வெளியே வந்த டாக்டரிடம் காலை எடுப்பதைப் பற்றி நானே கேட்டேன். யார் உங்களுக்குச் சொன்னது என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நாலு நாளைக்கு முன்னாலேயே கேட்டிருக்கலாம், நான் வாயைத் திறந்து கேட்டிருந்தால்.

புண்ணைக் கழுவி மருந்து வைக்கிற வரைக்கும் நாங்கள் காத்திருந்தோம். சும்மா இருக்க எனக்குக் கை வரவில்லை. முற்றத்தில் குழாய் இருந்தது. கூண்டை வாங்கி அந்த அழுக்குப் பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டுத் தகட்டைக் கழுவலாம் என்று கையை நீட்டினேன். மாமனார் கூண்டைக் கொடுக்கவில்லை. துண்டை விலக்கி உள்ளே பார்த்தார். பஞ்சுக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு மதாம் தூங்கிக்கொண்டிருந்தது.

"இருக்கட்டும்மா" என்றார். "இன்னிக்குக் கழுவாத."